புது பவர் டில்லரை ஊருக்கு ஓட்டிப் போகிறீர்களா?

விருத்தாசலத்தில் புது பவர் டில்லர் எடுத்து, மாலை போட்டு, டிரெய்லரும் மாட்டி ஊருக்குக் கிளம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை.

சமதரையில் இடது ஸ்டியரிங் கிளட்சை அழுத்தினால் வண்டி இடப்பக்கம் திரும்பும். இடது சக்கரத்துக்கு விசை நின்றுபோகும், வலது சக்கரம் சுற்றிக்கொண்டு வரும். ஆனால் ஏரிக்கரை இறக்கத்தில் கதையே வேறே! அங்கே இன்ஜின் வண்டியை இழுப்பதில்லை, பிடித்து நிறுத்துகிறது. இடது கிளட்சை அழுத்தியதும் அந்தச் சக்கரம் பிடி விட்டு முந்தி ஓடும். வண்டி வலப்பக்கம் பாயும்.

மங்கலம்பேட்டைப் பக்கத்துத் தம்பி ஒருவர் இப்படித்தான் வாய்க்காலில் இறங்கிவிட்டார். டிரெய்லரில் நம் பீங்கான் ஊரில் வாங்கிய ஊறுகாய் ஜாடிகள். ஜாடி போனால் போகட்டும். கால் எலும்பு முறிந்து, நடவு முடியும்வரை திண்ணையிலேயே கிடந்தார்.

ஆகவே இறக்கத்துக்கு முன்பே நிறுத்திக் கீழ் கியர் போடுங்கள். ஆக்சிலேட்டரைக் குறைத்து இறங்குங்கள். நடுவில் கியர் மாற்றாதீங்க, நியூட்ரலில் விடவே கூடாது. திரும்ப வேண்டுமானால் ஸ்டியரிங் கிளட்சைத் தொடாமல், கைப்பிடியையே மெல்லத் தள்ளித் திருப்புங்கள்.

புது இன்ஜினாச்சே, முதல் நாளே முழு வேகமும் பாரமும் வேண்டாம். மணிக்கொரு தடவை நிறுத்தி, சக்கர நட்டு, டிரெய்லர் முளை இரண்டையும் பாருங்கள். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். சேற்றுக்கான இரும்புச் சக்கரம் டிரெய்லரில் வரட்டும், தார் ரோட்டில் அது ஆகாது. வழியில் இருட்டிவிட்டால் சொந்தக்காரர் வீட்டில் படுத்துவிட்டு, விடிந்ததும் புறப்படுங்கள்.