மூலை பார்ப்பதா, சூடு பார்ப்பதா?

(காஞ்சீபுரம் பிள்ளையார்பாளையத்தில் பேசியது)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது மோட்சத்தைப் பற்றியல்ல; உங்கள் வீட்டுக் குளிர்ப்பெட்டியை, அதாவது பிரிட்ஜை, எங்கே வைப்பது என்பதைப் பற்றியேயாகும். அற்ப விஷயமென்று எண்ண வேண்டாம். வீட்டில் இராப்பகல் ஓயாமல் மின்சாரம் குடிப்பது அநேகமாய் அது ஒன்றுதான்.

பிரிட்ஜ் குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளே உள்ள சூட்டை இறைத்து வெளியே கொட்டுகிறது. கிணற்றில் தண்ணீர் கீழே போகப் போக இறைப்பவனுக்குப் பாடு அதிகமல்லவா? அதுபோலவே வெளியே சூடு ஏற ஏற அந்த யந்திரத்துக்கும் பாடு அதிகம். உள்ளே வேண்டியது சுமார் 4 டிகிரி. கோடையில் நம் ஊரில் வெளியே 40 டிகிரி. அடுப்பண்டையிலோ இன்னும் அதிகம். சுவரோடு ஒட்டி வைத்தாலோ, இறைத்த தண்ணீரைக் கிணற்றிலேயே திரும்ப ஊற்றுவதற்கு ஒப்பாகும்.

ஆனால் நடப்பதென்ன? வாஸ்துக்காரர் ஒருவர், தென்கிழக்கு அக்கினி மூலையில் வை என்கிறார். அடுப்பும் அங்கேதான்! மற்றொருவர் தென்மேற்கு என்கிறார். அது சாயங்கால வெயிலில் வேகும் மூலை! இருவரும் காட்டுவது ஒரே சாஸ்திரம். அதை எழுதிய காலத்தில் பிரிட்ஜ் ஏது? சென்னையில் 1842-ல் ஐஸ் ஹவுஸ் கட்டினார்கள். அமெரிக்காவிலிருந்து மரத்தூளில் பொதிந்து கப்பலில் வந்த பனிக்கட்டியை அதில் வைத்தார்கள். வழியெல்லாம் அது உருகாமல் காத்தது மூலையா, மரத்தூளா?

"ஐயா, வீட்டில் பாதியைத் தறி அடைத்துக்கொண்டிருக்கிறது, இடமெங்கே?" என்பீர்கள். மெய்தான். அடுப்புக்கும் அதற்கும் நடுவே ஒரு சுவராவது இருக்கட்டும். ஜன்னல் வெயில் படாதிருக்கட்டும். பின்னால் நாலு விரற்கடை இடமும், பக்கங்களில் காற்றோட்டமும் விடுங்கள். மேலே துணி மூட்டை ஏற்றாதீர்கள்.

நாம் சொல்வதையும் அப்படியே நம்ப வேண்டியதில்லை. பெட்டியின் பக்கத்திலோ பின்னாலோ கை வைத்துப் பாருங்கள், சுடும். இடம் மாற்றுமுன் இரண்டு வாரமும், மாற்றியபின் இரண்டு வாரமும் மீட்டரைக் குறித்துப் பாருங்கள். 2016 முதல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அதற்கு மேல் ஏற ஏற விலையும் ஏறுகிறது. அந்தப் பில்லை மூலை சொன்னவர் கட்டப் போவதில்லை. தறிக்குழியில் கால் வைத்து உழைத்த உங்கள் கூலிதான் கட்டப் போகிறது.