கத்துகிற கடனும் கத்தாத கடனும்

(வண்ணாரப்பேட்டையில் நடந்த தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். இந்த இரண்டையும் செய்து பார்த்தவர்கள் இந்தக் கூட்டத்தில் பலர் இருக்கிறீர்கள். கூலியை வைத்து இரண்டையும் செய்து முடித்தவர் யாராவது இருந்தால் கை தூக்குங்கள் என்று கேட்டால், ஒரு கை கூட எழும்பாது. கடன் வாங்கித்தான் செய்தோம். இப்போது கடன் வாசலில் வந்து நிற்கிறது. வீடு போய்விடுமோ என்ற பயத்தில் இரவில் தூக்கம் வருவதில்லை. பக்கத்து வீட்டுக்காரனுக்குத் தெரிந்துவிடுமோ என்ற வெட்கம் வேறு.

முதலில் இந்த வெட்கத்தைத் தீர்த்துக்கொள்வோம். 1931-ல், வெள்ளைக்கார சர்க்கார் நியமித்த விட்லி கமிஷன், இந்தியத் தொழிலாளர் நிலையைப் பற்றித் தன் அறிக்கையைக் கொடுத்தது. பெரும்பாலான தொழில் நகரங்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாத தொழிலாளர்கள் கடனாளிகள் என்றும், அவர்களில் மிகப் பெரும்பாலோரின் கடன் மூன்று மாதக் கூலிக்கும் அதிகம் என்றும் அந்தக் கமிஷனே எழுதியது. அது நம் கட்சி எழுதிய அறிக்கை அல்ல, தோழர்களே! ஆகவே, கடன்பட்ட தொழிலாளி ஊதாரி என்பது பொய். கூலி போதவில்லை, ஆகவே கடன். நம் பாட்டன் காலத்திலும் அதுதான் காரணம், இன்றும் அதுதான் காரணம்.

ஒரு தோழரின் கணக்கு

நம்மிடம் வந்த ஒரு தோழரின் விஷயத்தைச் சொல்கிறோம். பெயர் வேண்டாம். துறைமுகத்தில் ஒப்பந்த வேலை. தகப்பனார் விட்டுப்போன ஓட்டு வீட்டை இடித்துவிட்டு, பாங்கியில் 10 லட்சம் கடன் வாங்கி இரண்டு அறை கட்டினார். 20 வருடம், 9 சதவிகித வட்டி, மாதத் தவணை சுமார் 9,000 ரூபாய். பிறகு மனைவிக்கு ஆபரேஷன், மகளுக்குக் கல்யாணம். வெளியே 2 லட்சம் கைக்கடன், 5 வட்டிக்கு. வேலையில்லாத நாட்களைச் சமாளிக்கத் தண்டல்.

கணக்கைப் பாருங்கள். 10 லட்சம் வீட்டுக் கடனுக்கு மாதம் 9,000. 2 லட்சம் கைக்கடனுக்கோ வட்டி மட்டும் மாதம் 10,000! அசல் அப்படியே நிற்கிறது. தண்டல் என்ன? 10,000 என்று எழுதி, 1,500-ஐப் பிடித்துக்கொண்டு 8,500-ஐக் கையில் கொடுக்கிறான். தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். சின்னத் தொகை என்று நினைக்கிறோம். வருடக் கணக்குப் போட்டால் 100-க்கு 120 ரூபாய் வட்டி ஆகிறது.

இந்தத் தோழர் என்ன செய்தார்? தண்டல்காரன் காலையிலேயே வாசலில் நின்று கத்துகிறான். அவனுக்கு முதலில் கொடுத்தார். 5 வட்டிக்காரன் தெருவில் நிறுத்தி மரியாதையில்லாமல் பேசுகிறான். அவனுக்கு அடுத்தபடி கொடுத்தார். பாங்கி கத்தவில்லை. தபாலில் ஒரு காகிதம் மட்டும் அனுப்பியது. ஆகவே பாங்கித் தவணையை நிறுத்திவிட்டார்.

தோழர்களே, நம்மில் பெரும்பாலோர் இதைத்தான் செய்கிறோம். இதுதான் வீட்டைத் தொலைக்கிற வழி. கத்துகிறவனுக்கு நம் வீட்டின் மேல் பாத்தியதை கிடையாது. கத்தாமல் காகிதம் அனுப்புகிறவனிடம்தான் நம் பத்திரம் இருக்கிறது.

கடனை மூன்றாகப் பிரியுங்கள்

வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து, ஒரு நோட்டுப் புத்தகத்தில் எல்லாக் கடனையும் எழுதுங்கள். மனைவிக்குத் தெரியாத கடன், மகனுக்குத் தெரியாத கடன் என்று ஒன்று கூட இருக்கக் கூடாது. பிறகு மூன்றாகப் பிரியுங்கள்.

முதல் வகை, வீட்டுப் பத்திரத்தின் மேல் வாங்கிய கடன். 2002-ல் கொண்டுவந்த சர்பாசி சட்டப்படி, இந்தக் கடனுக்குப் பாங்கி கோர்ட்டில் வழக்குப் போட்டுத் தீர்ப்பு வாங்கத் தேவையில்லை. தவணை 90 நாளுக்கு மேல் நின்றால் வாராக் கடன் என்று எழுதிவிடுகிறார்கள். பிறகு 60 நாள் கெடு வைத்து நோட்டீஸ். அதற்கும் பதில் இல்லையென்றால் வீட்டைக் கைப்பற்றி ஏலம். சிவில் கோர்ட்டில் இதைத் தடுக்க முடியாது. கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குத்தான் போகவேண்டும். அதுவும் 45 நாளுக்குள்.

ஆகவே அந்த 60 நாள் நோட்டீஸைத் திருப்பி அனுப்பாதீர்கள், அலமாரியில் வைத்துப் பூட்டாதீர்கள். ஆட்சேபணையை எழுத்தில் கொடுங்கள். 15 நாளுக்குள் பதில் சொல்லப் பாங்கி கடமைப்பட்டது. அதற்கும் முன்னால், தவணை தவறும் மாதத்திலேயே பாங்கிக்குப் போங்கள். தவணைக் காலத்தை நீட்டித் தொகையைக் குறைக்கும்படி மனுக் கொடுங்கள், நகலில் முத்திரை வாங்குங்கள். தாமதத்துக்கு அபராதம் போட்டால் கணக்குக் கேளுங்கள்; அபராதத்தை வட்டியோடு சேர்த்து அதன் மேல் வட்டி போடக் கூடாது என்று ரிசர்வ் பாங்கி 2023-ல் உத்தரவு போட்டிருக்கிறது.

இரண்டாம் வகை, புரோ நோட்டுக் கடன், கைமாற்று, அடமானமில்லாத பாங்கிக் கடன், மகளிர் குழுக் கடன். இதில் கடன்காரன் கோர்ட்டுக்குப் போகலாம். போகட்டும். சிவில் நடைமுறைச் சட்டம் 60-வது பிரிவு ஒரு பாதுகாப்பைக் கொடுக்கிறது. விவசாயியோ கூலித் தொழிலாளியோ தனக்குச் சொந்தமான வீட்டில் தானே குடியிருந்தால், அந்த வீட்டைச் சாதாரணக் கடனுக்காக ஜப்தி செய்யக் கூடாது. கூலியாளின் கூலியையும் ஜப்தி செய்யக் கூடாது. ஆனால் இதைக் கோர்ட்டில் ஆஜராகிச் சொல்ல வேண்டும். பயந்துகொண்டு வீட்டிலேயே இருந்துவிட்டால், நமக்காக அங்கே யாரும் பேசமாட்டார்கள்.

"பணம் கட்டாவிட்டால் ஜெயில்" என்று மிரட்டுவார்கள். நேர்மையாகவே கொடுக்க வழியில்லாதவனைக் கடனுக்காகச் சிறையில் தள்ளக் கூடாது என்று 1980-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. அதை எழுதியவர் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர். 1957-ல் கேரளத்தில் தோழர் இ.எம்.எஸ். தலைமையில் அமைந்த மந்திரிசபையில் மந்திரியாக இருந்தவர் அவர். ஆனால் ஒன்று: காசோலை கொடுத்து அது திரும்பினால், அது குற்ற வழக்கு. ஆகவே வெறும் காசோலையிலும் வெற்றுத்தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. ரிசர்வ் பாங்கியின் 2022-ம் வருட விதிப்படி, மைக்ரோ பைனான்ஸ் கடனுக்கு அடமானம் கேட்கக் கூடாது. குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டும்படியும் கடன் கொடுக்கக் கூடாது. வசூலுக்கு வருகிறவர் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றால், இந்த விதியை அவர் முகத்துக்கு நேரே கேளுங்கள்.

மூன்றாம் வகை, தண்டல், மீட்டர் வட்டி, ரன் வட்டி, கந்து வட்டி. இது 2003-ம் வருடத் தமிழ்நாடு கந்து வட்டித் தடைச் சட்டப்படி குற்றம். மூன்று வருடம் வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம். சட்டம் அனுமதித்த வட்டியோடு பாக்கியைக் கோர்ட்டில் கட்டி, கடன் தீர்ந்ததென்று பதிவு செய்யக் கேட்கவும் அதில் வழி இருக்கிறது. வலுக்கட்டாய வசூலைத் தடுக்க 2025-ல் இன்னொரு சட்டமும் வந்தது.

சட்டம் இருந்தால் போதுமா? போதாது. 2017 அக்டோபர் 23-ந் தேதி, திருநெல்வேலி கலெக்டர் ஆபீஸ் வளாகத்திலேயே, கந்து வட்டிக் கொடுமை தாங்காமல் ஒரு கூலித் தொழிலாளி மனைவியோடும் இரண்டு பச்சைக் குழந்தைகளோடும் தீயில் கருகினார். அப்போது சட்டம் வந்து 14 வருடம் ஆகியிருந்தது. தனியாக மனுவைத் தூக்கிக்கொண்டு நின்ற குடும்பத்தை அது காப்பாற்றவில்லை. ஆகவேதான் சொல்கிறோம்: உயிரை விடுமளவுக்கு எந்தக் கடனும் பெரிதல்ல, ஆனால் தனியாக நிற்கிறவனுக்குச் சின்னக் கடனும் மலையாகத் தெரியும். அந்த நிலைக்குப் போவதற்கு முன் சங்கத்துக்கு வாருங்கள். நடுராத்திரியானாலும் கதவைத் தட்டுங்கள்.

பத்திரத்தை வெளியே விடாதீர்கள்

இப்போது முக்கியமான விஷயம். கைக்கடன் கழுத்தை நெரிக்கும்போது ஒருவன் வருவான். "எல்லாக் கடனையும் நான் அடைக்கிறேன், வீட்டுப் பத்திரத்தை மட்டும் கொடு" என்பான். இன்னொருவன், "சும்மா ஒரு கிரையம் எழுதிக் கொடு, பணத்தைக் கொடுத்ததும் திருப்பி எழுதித் தருகிறேன்" என்பான். அல்லது பவர் பத்திரம் கேட்பான்.

இதில் நாம் எதை இழக்கிறோம்? சாதாரணக் கடன்காரன் தொட முடியாத வீட்டை, நாமே கையெழுத்துப் போட்டு அவன் கையில் கொடுக்கிறோம். அடமானம் வைத்த வீட்டுக்கு 60-வது பிரிவின் பாதுகாப்பு உதவாது. கிரையமோ அதைவிட மோசம். அடமானத்தைப் பணம் கட்டி மீட்கலாம். அது நம் உரிமை. திருப்பிக் கொடுக்கும் நிபந்தனை அதே கிரையப் பத்திரத்தில் எழுதப்படாவிட்டால், அதை அடமானம் என்று சட்டம் ஏற்காது. வாய் வார்த்தை ரிஜிஸ்தர் ஆபீஸில் செல்லாது.

நம் துறைமுகத் தோழரிடமும் இப்படி ஒருவன் வந்தான். பாங்கிக் கடனையும் தானே அடைத்துவிட்டு வீட்டைக் கிரையம் செய்துகொள்வதாகச் சொன்னான். நல்ல வேளையாக, கையெழுத்துப் போடுவதற்கு முதல் நாள் தோழர் சங்கத்துக்கு வந்தார். சம்பள நாளன்று நான்கு தோழர்கள் அவரோடு பாங்கிக்குப் போனார்கள். நின்றுபோன தவணையில் இரண்டைக் கட்டி, மீதியைக் கடைசியில் சேர்க்கும்படி மனுக் கொடுத்தார்கள். மூன்று தடவை அலைந்த பிறகு பாங்கி ஒப்புக்கொண்டது.

5 வட்டிக்காரனிடம் தெருவே போனது. 20 மாதத்தில் 2 லட்சம் வட்டி கட்டியாகிவிட்டது என்று நோட்டுப் புத்தகத்தைக் காட்டினோம். 1938-ம் வருட விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்திலேயே, அசலைப்போல் இரண்டு மடங்கு கட்டியவனுக்குக் கடன் தீர்ந்தது என்று எழுதியிருந்ததைச் சொன்னோம். போலீஸுக்கு எழுதிய புகாரையும் மேசை மேல் வைத்தோம். அசலை மட்டும், மாதம் 5,000 வீதம் 40 மாதத்தில் என்று முடிந்தது. தோழரின் வீட்டில் இன்னும் கஷ்டம்தான். ஆனால் வீடு இருக்கிறது.

எல்லாக் கதையும் இப்படி முடிவதில்லை. இன்னொரு குடும்பம் ஏல அறிவிப்பு பத்திரிகையில் வந்த பிறகு வந்தது. ஏல அறிவிப்பு வெளியான பிறகு பாக்கி முழுவதையும் கட்டி மீட்கும் உரிமை இல்லை என்று 2016-ல் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். 2023-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. நாம் கையைப் பிசைந்துகொண்டு நின்றோம். ஆகவே இதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும்: நோட்டுப் புத்தகத்துக் கணக்கு எப்படிப் போட்டாலும் கட்டவில்லை என்றால், ஏலத்துக்கு முன்னால் பாங்கியிடம் சொல்லி நாமே நல்ல விலைக்கு விற்பது மேல். அது தோல்வியல்ல. ஏலத்தில் அடிமாட்டு விலைக்குப் போனால் வீடும் போகும், பாக்கிக் கடனும் நிற்கும்.

வக்கீலுக்குப் பணமில்லை என்று தயங்க வேண்டாம். 1987-ம் வருடச் சட்டப்படி, ஆலைத் தொழிலாளிக்கும், பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் வருமானம் எவ்வளவென்று பாராமல் இலவச சட்ட உதவி உண்டு. தொலைபேசி எண் 15100. லோக் அதாலத்தில் வழக்குக்கு முன்பே பேசித் தீர்க்கவும் வழி உண்டு.

இது ஒருவர் பிரச்சனையல்ல

தோழர்களே! தவணை ஏன் தவறுகிறது? நிரந்தர வேலை ஒப்பந்த வேலையாக மாறியதால் தவறுகிறது. ஆலை மூடினால் தவறுகிறது. 1918-ல் இந்தியாவின் முதல் தொழிற்சங்கங்களில் ஒன்றைப் பெற்றெடுத்த பி. அண்ட் சி. ஆலை 1996-ல் மூடப்பட்டபோது, எத்தனை வீட்டு அடுப்பு அணைந்தது என்பது வட சென்னைக்குத் தெரியும். 20 வருடத் தவணையில் கையெழுத்து வாங்குகிறார்கள். 20 மாத வேலைக்கு உத்தரவாதம் தருகிறார்களா?

முதலாளிக்கு என்ன நியாயம்? 2014-15 முதல் 2023-24 வரை பத்து வருடத்தில் பாங்கிகள் 16.35 லட்சம் கோடி ரூபாய் வாராக் கடனைக் கணக்கிலிருந்து நீக்கின என்று சர்க்காரே பார்லிமெண்டில் சொன்னது. அதில் பெரும்பகுதி பெரிய தொழில், சேவைக் கம்பெனிகள் வாங்கிய கடன். இது தள்ளுபடி அல்ல, வசூல் தொடர்கிறது என்கிறார்கள். நல்லது. அந்தப் பொறுமையில் ஒரு பங்கு, மூன்று தவணை தவறிய வண்ணாரப்பேட்டைத் தொழிலாளிக்கு ஏன் கிடைக்கவில்லை?

வேறு வழி உண்டா? உண்டு. ஸ்பெயின் தேசத்தில் 2008 நெருக்கடிக்குப் பிறகு வேலையிழந்தவர்களைப் பாங்கிகள் வீட்டைவிட்டு வெளியேற்றின. 2009-ல் பார்ஸிலோனாவில் கடனாளிகள் ஒரு ஸ்தாபனத்தைக் கட்டினார்கள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் கூட்டமாக நின்று வெளியேற்றத்தைத் தடுத்தார்கள். சட்டத்தை மாற்றக் கோரி 14 லட்சம் கையெழுத்துத் திரட்டினார்கள். நம் பக்கத்திலேயே கேரளத்தில், இடது முன்னணி ஆட்சியின்போது, 2006-ல் விவசாயிகள் கடன் நிவாரணக் கமிஷன் சட்டம் வந்தது. 2025-ல் ஏழைகளின் ஒரே குடியிருப்பு வீட்டை ஜப்தியிலிருந்து காக்க மசோதா நிறைவேறியது. தமிழ்நாட்டிலும் அப்படி ஒரு சட்டம் வேண்டும். தொழிலாளிக்கும் விவசாயக் கூலிக்கும் கூட்டுறவில் நியாய வட்டிக் கடன் வேண்டும். ஒப்பந்த முறை ஒழிய வேண்டும். இவை நம் கோரிக்கைகள்.

கோரிக்கை வெல்லும்வரை வீட்டைக் காப்பாற்ற வேண்டுமே! ஆகவே இன்று வீட்டுக்குப் போனதும் செய்ய வேண்டியது ஒன்று. நோட்டுப் புத்தகத்தை எடுங்கள். எல்லாக் கடனையும் எழுதுங்கள். வீட்டுப் பத்திரம் யார் கையில் இருக்கிறதோ, அவனுக்குரிய தவணையை முதல் வரியில் எழுதுங்கள். கத்துகிறவனைக் கடைசி வரியில் எழுதுங்கள். அந்த நோட்டுப் புத்தகத்தோடு ஞாயிற்றுக்கிழமை சங்கத்துக்கு வாருங்கள். கத்துகிறவனுக்கு நாம் எல்லோரும் சேர்ந்து பதில் சொல்வோம்!