வலிக்கு மார்க் போடும் மேசை



1999 மே 11. அயர்லாந்துப் பிரதமர் பெர்ட்டி அஹெர்ன் நாட்டின் பெயரால் மன்னிப்புக் கேட்டார். துறவற சபைகள் நடத்திய தொழிற்பள்ளிகளில் அரசே கொண்டுபோய்த் தள்ளிய பிள்ளைகள் அடிபட்டார்கள், பட்டினி கிடந்தார்கள், சீரழிக்கப்பட்டார்கள். 2002-இல் சட்டம் போட்டு, இழப்பீடு கொடுக்க ஒரு வாரியமும் அமைத்தார்கள். நல்லதுதானே என்பீர்கள். அந்த வாரியத்தின் மேசையைக் கொஞ்சம் எட்டிப் பாருங்கள்.

மேசைமேல் மதிப்பெண் பட்டியல்! கொடுமையின் கடுமைக்கு 25. டாக்டர் சான்று சொல்லும் உடல்நோய், மனநோய்க்கு 30. அதனால் வாழ்க்கை சிதைந்ததற்கு 30. கைநழுவிய வாய்ப்புக்கு 15. ஆக 100. எழுபது எடுத்தால்தான் 2 லட்சம் யூரோவைத் தாண்ட முடிந்தது. கட்டின மனைவியிடம்கூடச் சொல்லாததை, தலை நரைத்த மனிதர் முன்பின் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு மார்க்குக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. அன்றைக்குப் படிக்க விடவில்லை; நரைத்த பிறகு பரீட்சை வைத்தார்கள்!

வாங்கிய பிறகாவது பேசலாமா? ஆளோ நிறுவனமோ அடையாளம் தெரியும்படி தன் விண்ணப்பத்தைப் பற்றி வெளியிட்டால், 25,000 யூரோ வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை. இந்தப் பள்ளிகளின் கொடுமையை விசாரித்து 2009-இல் வந்த ரயன் ஆணைய அறிக்கையிலோ, கைவைத்தவர்களுக்குப் புனைபெயர். கதை எழுதுகிறவனுக்குக் கேள்விப்பட்டிருக்கிறோம், இவர்களுக்குமா? சபைகள் 12.8 கோடி யூரோவை ரொக்கமும் சொத்தும் பிறவுமாகத் தருவதாக ஒப்புக்கொண்டு, வழக்கு வந்தால் அரசே சுமக்கும் என்று எழுதி வாங்கிக்கொண்டன.

சரி, பட்டபின் புத்தி வந்திருக்கும் என்று பார்த்தால், 2024 மார்ச்சில் தாய்-சேய் இல்லங்களுக்கான திட்டம் வந்தது. திருமணமாகாமல் கருவுற்ற பெண்களை ஒளித்துவைத்து, பிள்ளையைப் பிரித்துத் தத்துக் கொடுத்த இல்லங்கள் அவை. பிள்ளையாக அங்கே இருந்தவர் 180 நாளாவது இருந்திருக்க வேண்டுமாம். நூற்று எழுபத்தொன்பதாம் நாள் தாயின் மடியிலிருந்து பிடுங்கிக்கொண்டு போயிருந்தால்? சல்லிக்காசு கிடையாது! அவ்வளவு சின்னக் குழந்தைக்கு அங்கே நடந்தது தெரிந்திருக்காதாம். பால் மறக்காத பிள்ளைக்குத் தாய்வாசனை தெரியாது என்று சட்டம் சொல்கிறது; பெற்றவர்கள் சொல்லட்டும். இந்தக் கணக்கில் கிட்டத்தட்ட 24,000 பேர் வாசலுக்கு வெளியே நிற்கிறார்கள். உள்ளே போனவர்களும், இனி வழக்குப் போட மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டால்தான் பணம்.

கடனைத் திருப்பிக் கொடுக்க வந்தவன், கடன் கொடுத்தவனைச் சோதனை போடுவானா? பதிவேட்டில் பெயர் இருக்கிறது, கொடு! ஒரு நாள் இருந்தாலும் கொடு! நடந்ததை வெளியே சொல்வதா வேண்டாமா என்பதை, அனுபவித்தவர் முடிவு செய்துகொள்வார்.