இழுத்துச் செல்லும் வீடும் ஓட்டிச் செல்லும் வீடும்



விடுமுறைக்குப் புறப்படும் மேனாட்டாருட் பலர் வீட்டையே உடன்கொண்டு செல்கின்றனர். பிரித்தானியாவில் இவ்வழக்கத்துக்கு வித்திட்டவருள் ஒருவர், கடற்படை வைத்தியராய் இருந்த வில்லியம் கோர்டன் ஸ்ரேபிள்ஸ் என்பவர். 1885ஆம் ஆண்டில் அவர் இரு குதிரைகள் பூட்டிய ‘வாண்டரர்’ என்னும் வண்டியிலே தென் இங்கிலாந்திலிருந்து ஸ்கொத்லாந்தின் இன்வேர்ணஸ் நகர்வரை சென்றார். குதிரை போய் மோட்டார் வந்தபின் வழி இரண்டாகப் பிரிந்தது. காரின் பின்னே கொளுவி இழுத்துச் செல்வது கரவன். இயந்திரமும் உறைவிடமும் ஒன்றாய் அமைந்தது மோட்டார் வீடு.

இவ்விரண்டில் எதை வாங்கலாம் என்று, இங்கிலாந்தில் வாழும் என் பழைய மாணவர் ஒருவர் எழுதிக் கேட்டிருந்தார். மனைவி, இரு பிள்ளைகள், மூட்டுவாதத்தால் வருந்தும் தாயார் ஆகியோருடன் ஐவர் கொண்ட குடும்பம். பத்தாண்டுச் சேமிப்பு முழுவதும் இதிலே போகவிருந்தது. கார்கூட இல்லாத என்னை ஏன் கேட்டார் என நீங்கள் வினவலாம். பூமிசாஸ்திரம் படிப்பித்தவருக்குப் பாதைகளும் தெரிந்திருக்கும் என்று எண்ணினார் போலும்! எனினும், சேமிப்பும் ஐந்து உயிர்களும் சம்பந்தப்பட்ட வினாவாதலின், தேடி அறிந்தே விடை எழுதினேன். அங்கே உறவினருள்ள நேயர்களுக்கும் அது பயன்படக்கூடும்.

விலையையும் அழகையும் பார்க்குமுன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு: ஓரிடத்தில் எத்தனை இரவு தங்குவீர்கள்? கரவனை ஒரு தங்குமிடத்தில் நிறுத்தி, கால்களை இறக்கி மட்டஞ் செய்து, காரைக் கழற்றிவிட்டால், மாட்டை அவிழ்த்துவிட்ட கூடார வண்டி கோயில் வீதியில் நிற்பதுபோல அது நிற்கும். கார் கடைக்கும் கடற்கரைக்கும் ஓடித் திரியும். மோட்டார் வீட்டுக்காரரோ, ஓர் இறாத்தல் பாண் வாங்குவதற்கும் மேசையை மடித்து, கோப்பைகளைப் பத்திரப்படுத்தி, மின்கம்பியைக் கழற்றி, வீட்டையே கடைவாயிலுக்கு ஓட்டிச் செல்ல நேரும். அதனாற்றான் சிலர் பின்னால் ஒரு சிறு காரையும் கட்டி இழுத்துச் செல்கின்றனர்.

ஆனால் நாளுக்கொரு ஊராகச் செல்வோர்க்கு மோட்டார் வீடே வசதி. மழையில் இறங்கிக் கொளுவவும் கழற்றவும் வேண்டியதில்லை. பின்னோக்கி ஓட்டுவதும் எளிது. கரவனைப் பின்னே தள்ளும்போது அது சுக்கானைத் திருப்பிய பக்கத்துக்கு எதிராகவன்றோ திரும்புகின்றது! ஸ்கொத்லாந்தின் மேற்கிலே, ‘மாடுகளின் கணவாய்’ எனப் பொருள்படும் பெயலக் நா பா என்னும் பாதை 626 மீற்றர் உயரத்துக்குக் கொண்டையூசி வளைவுகளுடன் ஏறுகின்றது. கற்கும் சாரதிகளும் மிகப் பெரிய வாகனங்களும் கரவன்களும் அவ்வழி செல்லவேண்டாம் என அடிவாரத்திலேயே அறிவித்தல் வைத்துள்ளனர். சிறிய மோட்டார் வீடு பொறுமையோடு ஏறிவிடும்.

கரவனில் அஞ்சவேண்டியது பாரம் வைக்கும் முறை. முன்பாரம், பின்பாரம் பார்த்து மூட்டை அடுக்கிய நமது வண்டிக்காரருக்கு இது புதிதன்று. கரவனின் மொத்த எடையில் 5 முதல் 7 வீதம் காரின் கொளுக்கியிலே அழுந்தவேண்டும் என்பது பிரித்தானிய வழக்கு. 1,300 கிலோகிராம் கரவனாயின் 65 முதல் 91 கிலோகிராம். பின்பாரம் மிஞ்சினால் அது வேகத்தில் பாம்புபோல் நெளியத் தொடங்கிக் காரையும் புரட்டிவிடக்கூடும். அவ்வேளை பிரேக்கை அழுத்தாமலும் சுக்கானை வெட்டாமலும், வேகமிதியிலிருந்து காலை மெல்ல எடுத்தல் வேண்டும். புதியவர்கள் காரின் எடையில் 85 வீதத்துக்கு மேற்பட்ட கரவனை இழுக்கலாகாது என்றும் அறிவுறுத்துவர். மோட்டார்ப் பெருவீதியில் மணிக்கு 60 மைலும், நடுப்பிரிப்பில்லாத சாதாரண வீதியில் 50 மைலுமே கரவன் இழுக்கும் காருக்குரிய உச்ச வேகம்.

மோட்டார் வீட்டில் வேறொரு பொறியுண்டு. அறுவர் படுக்கலாம் என்று விற்கப்படும் வண்டியில் ஆசனப்பட்டியுடைய இருக்கைகள் நான்கே இருக்கக்கூடும். ஐவர் குடும்பம் கட்டிலை எண்ணாது பட்டியை எண்ணவேண்டும். 3,500 கிலோகிராமுக்கு மேற்பட்டதாயின், 1997 ஜனவரி முதல் சாதாரண அனுமதிப்பத்திரம் பெற்றவர் மேலதிகத் தகுதியும் பெறவேண்டும். இயந்திரம் பழுதானால் வீடே வேலைத்தலத்துக்குப் போய்விடும். ஓடினாலும் ஓடாவிட்டாலும் காப்புறுதிச் செலவு தொடரும். ரயரும் பற்றறியும் நின்ற இடத்திலேயே கெடும்.

என் மாணவருக்குக் கிடைப்பது ஆண்டில் இரண்டு வாரம். பிள்ளைகளுக்கு வேண்டியது ஒரே கடற்கரை. தாயாருக்கு வேண்டியது அசையாத கட்டில். ஆகவே, கரவனே தக்கது என்று எழுதினேன். வழியில் மலசலகூட வசதி உடனிருப்பது மோட்டார் வீட்டின் பெருஞ் சிறப்பு என்பதையும், நோயுற்ற முதியோர்க்கு அது சிறிய காரியமன்று என்பதையும் மறைக்கவில்லை. வாங்குமுன் ஒரு கிழமைக்கு ஒன்றை வாடகைக்கு எடுக்குமாறும், தாயாரையே ஏறி இறங்கிப் பார்க்கச் செய்யுமாறும் கேட்டிருந்தேன். வசந்த காலத்தில் அவ்வாறே செய்தார். வாயிற்படி தாயாருக்கு உயரமாயிருந்ததாம். இப்பொழுது கைபிடியுடன் கூடிய தாழ்ந்த இரட்டைப் படி ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறார்.