சீமைப் படிப்பும் ஞாயிற்றுக்கிழமைப் பிரயாணமும்

(ஓசூரில் நடைபெற்ற நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்தாராகிய நமக்குப் பிள்ளைகளை எல்லை கடந்து படிக்க அனுப்புதல் புதிய வழக்கமன்று. 1878-ஆம் ஆண்டு தொரப்பள்ளியிற் பிறந்த ராஜாஜி அவர்கள் ஓசூரிற் படித்த பின்னர், அந்நாளில் மைசூர் சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்த பெங்களூருக்குச் சென்று சென்ட்ரல் காலேஜிற் பயின்றார். இன்றும் அத்திப்பள்ளி வழியாகப் பெங்களூர்க் கல்லூரிகளுக்கு நாள்தோறும் போய் வரும் நம் பிள்ளைகள் பலர். ஆயினும் அவர்கள் இராப்போது வீடு திரும்பித் தாய் கையாற் களியோ சோறோ உண்டு உறங்குகிறார்கள். கடல் கடந்து சென்ற பிள்ளைக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

நம் ஊர்களில் வாகனத் தொழிற்சாலைகளும் இயந்திரத் தொழிற்சாலைகளும் பெருகியிருப்பதால், இயந்திர சாஸ்திரத்தில் மேற்படிப்பை விரும்பும் பிள்ளைகள் ஜெர்மனியை நாடுவது இயற்கையே. அங்ஙனம் அனுப்பிய வீடுகளிற் சிலவற்றில் ஒரு மனத்தாங்கல் எழுகின்றது. ஞாயிறு தோறும் பிள்ளையிடமிருந்து கைப்பேசியிற் படங்கள் வருகின்றன. ஒரு வாரம் மலையுச்சி, மறுவாரம் பெரிய தேவாலயம், அதற்கடுத்த வாரம் ஆற்றங்கரை. "மாந்தோப்பை ஈடு வைத்து அனுப்பினோம்; அவனோ ஊர் சுற்றித் திரிகிறான்" என்று தகப்பனார் வருந்துகிறார். அவ்வருத்தம் அன்பினின்று பிறந்ததே. ஆனால் அது நியாயமானதுதானா என்பதை இன்று ஆராய்வோம்.

திருஷ்டாந்தமாக ஆகென் நகரை எடுத்துக்கொள்வோம். அங்குள்ள தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 1870-இல் தொடங்கப்பெற்றது. இயந்திரப் படிப்பிற்குப் பேர்போனது. அம்மாகாணத்து அரசாங்கப் பல்கலைக்கழகங்களிற் பொதுவாகப் போதனைக் கட்டணம் இல்லை. பருவத்துக்கு ஒருமுறை செலுத்தும் சிறு தொகை மட்டுமே உண்டு. ஆனால் வாழ்க்கைச் செலவு நம்முடையது. 2024 செப்டம்பரில் வகுத்த விதியின்படி, செல்லும் மாணாக்கர் ஓராண்டுக்கு 11,904 யூரோவை முன்னதாகவே ஒரு கணக்கிற் கட்டி, மாதம் 992 யூரோ வீதமே எடுத்துக்கொள்ள வேண்டும். அதனுள் அறை வாடகை, கட்டாய மருத்துவ இன்ஷ்யூரன்ஸ், உணவு, புத்தகம் யாவும் அடங்க வேண்டும். 2024 மார்ச்சு முதல் ஆண்டுக்கு 140 முழு நாட்கள் வேலை செய்ய அனுமதியுண்டு.

இனி அவன் நாளைப் பாருங்கள். டிசம்பர் மாதத்தில் அங்கே காலை எட்டரை மணிக்கே கதிரவன் தோன்றுவான். மாலை நாலரைக்கு மறைந்துவிடுவான். இருட்டிலே எழுந்து, குளிரிலே நடந்து, வகுப்பும் ஆய்வுச்சாலையும் முடித்து, வேலையுள்ள நாளில் அதையும் செய்துவிட்டு அறைக்கு வந்து தானே சமைக்க வேண்டும். இரவு எட்டு மணிக்கு அவன் தட்டின் முன் உட்காரும்போது நம் ஊரிலே நள்ளிரவு கடந்து பன்னிரண்டரை மணி. தாயாரோடு இரண்டு வார்த்தை பேசலாமென்றால் தாயார் உறங்கிவிட்டார். இவ்வாறு ஐந்து நாட்கள் செல்கின்றன. இவற்றைப் பற்றி ஒரு படமும் நமக்கு வருவதில்லை. குளிரிற் பாத்திரம் தேய்ப்பதை யார் படமெடுத்து அனுப்புவார்? நாம் காண்பது ஏழிலொரு நாள், காணாதவை ஆறு.

சனிக்கிழமை துணி துவைக்கவும் அரிசி பருப்பு வாங்கவும் கழிகின்றது. ஏனெனில் ஞாயிறன்று அந்நாட்டிற் கடைகள் பெரும்பாலும் அடைக்கப்பட்டிருக்கும். ஆகவே ஞாயிறு ஒன்றே ஓய்வு. அன்று அவன் செய்யும் பிரயாணத்திற்குச் செலவு மிகச் சொற்பம். பல பல்கலைக்கழகங்களிற் பருவத் தொகையோடு பிரயாணச் சீட்டும் சேர்ந்தே வருகின்றது. அதிவேக ரயில்களைத் தவிர்த்து மற்ற ரயில்களிலும் பேருந்துகளிலும் அதைக் கொண்டு செல்லலாம். கொடுத்த பணத்திற்குரிய பயனையே அவன் பெறுகிறான். கையில் ஒரு சோற்றுப் பொட்டலமும் தண்ணீர்ப் புட்டியும் இருந்தாற் போதும்.

அவன் போகும் இடங்களும் வீணானவையல்ல. ஆகெனுக்கு அருகே வால்ஸ் என்னும் ஊரில் ஜெர்மனி, பெல்ஜியம், நெதர்லாந்து ஆகிய மூன்று தேசங்களும் ஒரு குன்றிற் சந்திக்கின்றன. ஐரோப்பாவிலுள்ள நெதர்லாந்து நிலப்பரப்பிலே மிக உயர்ந்த இடம் அதுவே. உயரம் ஏறக்குறைய 322 மீட்டர். ஓசூர் கடைத்தெருவே எண்ணூறு மீட்டருக்கு மேல் நிற்பதை அறிந்த நம் பிள்ளை அம்மலையைக் கண்டு சிரித்திருப்பான்! ஆனால் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே சந்தையிற் கேட்டு வளர்ந்தவனுக்கு, எல்லையோரத்தார் ஒருவர் பாஷையை மற்றொருவர் கற்று வாழும் முறை உடனே விளங்கும். ஜெர்மன் பாஷையை அச்சமின்றிப் பேசவும் அப்பிரயாணங்களே பழக்குகின்றன.

ஆகெனிலிருந்து ஒரே ரயிலிற் கொலோன் வழியாக ஹாம் நகருக்குச் செல்லலாம். கொலோனிலுள்ள தேவாலயம் 1248-இல் தொடங்கி 1880-இல் முடிவுற்றது. 157 மீட்டர் உயரமுள்ளது. ஒரு காரியத்தை அறுநூறு ஆண்டுகளுக்குப் பின்னும் கைவிடாது முடித்தவர்களைப் பற்றி அறிவதும் படிப்பே. ஹாமிலோ, ஈழத்துத் தமிழ் மக்கள் எழுப்பிய காமாட்சியம்பாள் கோயில் கோபுரத்தோடு விளங்குகின்றது. 2002-இற் குடமுழுக்குக் கண்டது. அங்கே தேர்த்திருவிழாவில் ஆயிரக்கணக்கான தமிழர் கூடுகின்றனர். மாதக்கணக்கில் தாய்மொழி கேளாத பிள்ளைக்கு அந்த ஒரு நாள் மருந்தன்றோ?

ஓய்வும் துணையுமில்லாத படிப்பு என்ன செய்யும் என்பதற்குக் கணித மேதை ராமாநுஜன் சரித்திரமே சாட்சி. 1914-இற் கேம்பிரிட்ஜ் சென்ற அவர் தாமே சமைத்து, வேளை தவறி உண்டு, இரவு பகலாக உழைத்தார். யுத்த காலத்தில் அவருக்கேற்ற உணவும் அரிதாயிற்று. 1917-இல் நோயுற்றார்; 1919-இல் தாய்நாடு திரும்பி, 1920-இல் முப்பத்திரண்டாம் வயதிற் காலமானார். வித்தையைத் தேடிச் சென்றவருக்குத் தேகமும் மனமும் காக்கப்பட வேண்டும் என்பதை இதனினும் தெளிவாய் வேறெது உணர்த்தும்?

பெற்றோர்களே, ஒன்றை ஊன்றிக் கவனியுங்கள். படத்தைக் கண்டு நீங்கள் கடிந்தால் பிரயாணம் நிற்காது. படம் வருவதே நிற்கும். பின்னர்ப் பரீட்சையில் தவறியதும் காய்ச்சலில் படுத்ததும் உங்களுக்குத் தெரியாமற் போகும். "எங்கே போனாய்? யாரோடு போனாய்? என்ன சாப்பிட்டாய்?" என்று கேளுங்கள், அவன் "பாடம் கடினமாயிருக்கிறது அப்பா" என்பதையும் சொல்வான். மகளை அனுப்பத் தயங்குவோருக்கும் இதையே கூறுகிறோம். தடுத்து வைப்பதைவிட அவள் தயங்காமற் பேசும்படி நடந்துகொள்வதே அவளுக்குக் காவல்.

மாணாக்கர்களே, உங்களுக்கும் கடமையுண்டு. புறப்படுமுன் சமையலும் வரவுசெலவு எழுதுதலும் கற்றுக்கொள்ளுங்கள். எல்லை கடக்கும்போது பாஸ்போர்ட்டும் வாச அனுமதிச் சீட்டும் உடன் இருக்கட்டும். பரீட்சைக்கு முந்திய வாரங்களிற் பிரயாணத்தை ஒத்தி வையுங்கள். ஞாயிற்றின் படத்தோடு திங்களின் சங்கதியையும் வீட்டிற்கு எழுதுங்கள்.

சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். அயல்நாட்டிற் படித்து வந்த நம்மவர், புதிதாய்ச் செல்லும் குடும்பத்தாரோடு ஆண்டுக்கு ஒருமுறை இச்சபையிற் கலந்து பேச ஏற்பாடு செய்தல் வேண்டும். தோப்பை ஈடு வைக்குமுன் கேட்கவேண்டிய கேள்விகளை அனுபவமுடையோரிடம் கேட்டுத் தெளிதல் கடனைக் குறைக்கும், கவலையையும் குறைக்கும்.

நம் பிள்ளைகள் வித்தையும் தேகசுகமும் பெற்று மீள்க!