மருத்துவ ஆப்: நமக்குத் திருப்தி எதில் இருக்கிறது?

(மூத்த குடிமக்கள் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

போன மாதம் நம் கிளப் ஹவுஸுக்கு ஒரு மருத்துவ ஆப் நிறுவனத்தின் பிரதிநிதி வந்து முக்கால் மணி நேரம் விளக்கம் கொடுத்துவிட்டுப் போனது ஞாபகம் இருக்கும். வீடியோவில் டாக்டர், வீட்டுக்கே வந்து ரத்தம் எடுப்பது, மருந்து டெலிவரி எல்லாம் ஒரே ஆப்பில். ஃபிளாட்டுக்கு இவ்வளவு என்று ஆண்டுச் சந்தா கட்டினால் சங்கத்துக்கே மொத்தமாகத் தருகிறார்களாம். அடுத்த பொதுக்குழுவில் இது தீர்மானத்துக்கு வருகிறது. அதற்கு முன் கொஞ்சம் யோசித்து வைத்துக்கொள்வோம் என்றுதான் செயலாளர் என்னைப் பேசச் சொன்னார்.

நான் டாக்டரும் இல்லை, கம்ப்யூட்டர் படித்தவனும் இல்லை. பி.காம். முடித்துவிட்டு வங்கிக் கவுண்டரிலேயே காலம் தள்ளியவன். வாடிக்கையாளர் எதற்கு நன்றி சொல்லிவிட்டுப் போகிறார், எதற்கு மேனேஜர் அறைக்குப் போகிறார் என்பது மட்டும் எனக்குக் கொஞ்சம் தெரியும்.

அந்தப் பிரதிநிதி திரும்பத் திரும்பக் காட்டியது ஸ்டார் மதிப்பெண்ணை. பல ஆப்கள் நம்மிடம் எப்போது ஸ்டார் கேட்கின்றன என்று பாருங்கள். அப்பாயிண்ட்மென்ட் புக் ஆன கையோடு கேட்கின்றன. டாக்டர் இன்னும் முகத்தைக்கூடக் காட்டியிருக்க மாட்டார். கல்யாண வீட்டு வாசலில் சந்தனம் கொடுக்கும்போதே சாப்பாடு எப்படி என்று கேட்பது மாதிரி இது. அதனால் மொத்த மதிப்பெண்ணை விட்டுவிட்டு, ஒரு ஸ்டார் கொடுத்தவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று படியுங்கள். பணம் திரும்ப வரவில்லை, டாக்டர் லைனில் வரவில்லை, யாரிடம் கேட்பது என்றே தெரியவில்லை என்ற மூன்று புகார்தான் மாறி மாறி வரும்.

இதைப் பற்றி ஆராய்ச்சியும் நடந்திருக்கிறது. 1989-ல் ஃபிரெட் டேவிஸ் என்பவர், ஒரு கருவியை மக்கள் ஏற்றுக்கொள்வது இரண்டைப் பொறுத்தது என்றார்: நமக்குப் பயன்படும் என்று தோன்ற வேண்டும், கையாள எளிது என்று தோன்ற வேண்டும். ஏற்றுக்கொள்வது சரி, தொடர்ந்து பயன்படுத்துவது எதனால்? 2001-ல் அனோல் பட்டாச்சார்ஜி இதை ஆராய்ந்தார். அவர் எடுத்துக்கொண்டது இன்டர்நெட் பேங்கிங் வாடிக்கையாளர்களை என்பதில் எனக்குக் கூடுதல் சந்தோஷம். அவர் கண்டது இதுதான்: திருப்தி இருந்தால் தொடர்கிறார்கள். அந்தத் திருப்தி, ஆரம்பத்தில் எதிர்பார்த்தது கடைசியில் கிடைத்ததா என்பதிலும், அதனால் உண்மையான பயன் இருந்ததா என்பதிலும்தான் இருக்கிறது.

இதைக் கவுண்டரில் தினமும் பார்த்திருக்கிறேன். டிராஃப்ட் எடுக்க வந்தவரிடம் "ஒரு மணி நேரம் ஆகும் சார்" என்று சொல்லி முக்கால் மணியில் கொடுத்தால் நன்றி சொல்வார். "அஞ்சே நிமிஷம்" என்று உட்கார வைத்து அரை மணியில் கொடுத்தால் சண்டைக்கு வருவார். இவருக்குத்தான் சீக்கிரம் கிடைத்தது. ஆனாலும் கோபம் இவருக்குத்தான். "24 மணி நேரமும் டாக்டர்" என்று விளம்பரம் செய்துவிட்டு ராத்திரி பதினொரு மணிக்கு "விரைவில் தொடர்புகொள்வோம்" என்று செய்தி அனுப்பும் ஆப்புக்கும் இதே கதிதான்.

மத்திய அரசின் இ-சஞ்சீவனியைப் பாருங்கள். 2020 ஏப்ரலில், ஊரடங்கு சமயத்தில், வீட்டிலிருந்தே பார்க்கும் வெளிநோயாளர் சேவையாக வந்தது. மொபைல் எண், ஓடிபி, டோக்கன், வரிசையில் காத்திருப்பு, டாக்டர், கடைசியில் மருந்துச் சீட்டு. கட்டணம் கிடையாது. பெரிய அலங்காரமும் இல்லை. 2023 பிப்ரவரிக்குள் 10 கோடி ஆலோசனைகளைத் தாண்டிவிட்டது. எல்லாமே வீட்டிலிருந்து செய்த அழைப்பு என்று நினைக்க வேண்டாம், சுகாதார மையத்தில் பக்கத்தில் ஊழியர் இருக்க, தூரத்து டாக்டரிடம் பேசியதும் இதில் சேர்த்தி. என் கணக்கில் அதுவே முக்கியமான செய்தி. பொத்தானை அழுத்திக் கொடுக்க ஒரு மனுஷர் இருந்தார்.

எதிர் உதாரணமும் உண்டு. 2021-ல் தடுப்பூசிக்குப் பதிவு செய்த கோவின் தளத்தில் ஆரம்பத்தில் தமிழ் கிடையாது. ஜூனில்தான் வந்தது. அதுவரை நம் வளாகத்திலேயே எத்தனை பேர் பேரப்பிள்ளையின் கையை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தோம்!

வங்கிக்கும் மருத்துவத்துக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. பாஸ்புக்கில் ஒரு ரூபாய் குறைந்தால் நமக்கே தெரியும். டாக்டர் சொன்ன சிகிச்சை சரியா என்று நமக்குத் தெரியாது. அதனால் கண்ணுக்குத் தெரிகிற விஷயங்களை வைத்தே நாம் மதிப்புப் போடுகிறோம்: எவ்வளவு நேரம் காத்திருந்தோம், தமிழில் பேசினாரா, காது கொடுத்துக் கேட்டாரா. இது நியாயம்தான். ஆனால் இதில் ஆபத்தும் உண்டு. வெறும் சளிக்கு ஆன்டிபயாடிக் வேண்டாம் என்று மறுக்கும் நல்ல டாக்டருக்கு ஒரு ஸ்டாரும், கேட்டதை எல்லாம் எழுதிக் கொடுப்பவருக்கு ஐந்து ஸ்டாரும் விழுந்துவிடும்.

இந்த இடத்தில் 2020 மார்ச் 25-ல் வந்த தொலைமருத்துவ வழிகாட்டு நெறிமுறைகள் நமக்குக் கைகொடுக்கும். மருந்துச் சீட்டில் டாக்டரின் பதிவு எண் இருக்க வேண்டும். செயற்கை நுண்ணறிவு டாக்டருக்கு உதவலாம், ஆனால் அது நேரடியாக நோயாளிக்கு ஆலோசனை சொல்லவோ மருந்து எழுதவோ கூடாது. போதை மருந்து வகைகளைத் தொலைபேசி, வீடியோ வழியாக எழுதித் தர அனுமதி இல்லை. ஆகவே ஏதாவது ஒரு மாத்திரையை மறுத்தால் உடனே கோபப்பட வேண்டாம்.

இப்போது நம் தீர்மானம். கணவர் எண்ணில் பதிவு செய்தால் மனைவிக்கு ஓடிபி எப்படிப் போகும்? நம் வளாகத்தில் பல வீட்டில் மொபைல் கணக்கு சியாட்டிலிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் பிள்ளையின் எண்ணில் ஓடுகிறது. நமக்கு மூச்சு இரைக்கும்போது அங்கே அவன் தூங்கிக்கொண்டிருப்பான். ஆப்பைத் திறக்காமலே கூப்பிட ஒரு தொலைபேசி எண் உண்டா? எடுத்துப் பேசுவது ஆளா, மெஷினா? டாக்டர் வரவில்லை என்றால் பணம் எத்தனை நாளில் திரும்பும்? தமிழ் என்பது முதல் பக்கத்தில் மட்டுமா, லேப் ரிப்போர்ட் விளக்கம் வரைக்குமா? நம் போனில் உள்ள தொடர்பு எண்களைப் பார்க்க அனுமதி கேட்கிறார்களே, அது எதற்கு? சந்தாவை நிறுத்தினால் நம் ரிப்போர்ட்டுகள் நம் கைக்கு வருமா?

நெஞ்சுவலி, திடீரென்று கை கால் விழுவது, மயக்கம் இவற்றுக்கு எந்த ஆப்பும் வேண்டாம். 108-க்கு லாகினும் இல்லை, ஓடிபியும் இல்லை. செக்யூரிட்டி அறையிலும் லிஃப்ட் பக்கத்திலும் அந்த எண்ணைப் பெரிய எழுத்தில் ஒட்டச் சொல்லியிருக்கிறேன்.

ஒரே ஒரு யோசனை. ஓராண்டுச் சந்தாவுக்குப் பதிலாக, பத்து வீடுகளில் மூன்று மாதம் சோதித்துப் பார்க்க அந்த நிறுவனம் சம்மதிக்கிறதா என்று கேட்போம். பத்தில் ஐந்தாவது தனியாக இருக்கும் பெரியவர்களின் வீடாக இருக்கட்டும். அவர்கள் ஒவ்வொரு முறையும் எவ்வளவு நேரம் காத்திருந்தார்கள், யார் உதவியது, கேட்டது கிடைத்ததா என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கட்டும். அந்த நோட்டுகளை நான் கணக்குப் பார்த்துத் தருகிறேன், பழைய பழக்கம்தானே. பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் சங்க அலுவலகப் பதிவேட்டில் இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதிவிடுங்கள்.