கணக்கில் ஏறாத கூலி



விவசாயப் பொருளாதாரத்தில் முதுகலைப் பட்டம் பெற வருகிறவர்களுக்குச் சர்வகலாசாலை எதைக் கற்பிக்க வேண்டும் என்று ஆலோசிக்கக் கூடியிருக்கும் இந்தச் சபையில், சூத்திரங்களைப் பற்றிப் பேச என்னைவிடத் தகுதி வாய்ந்தவர்கள் பலர் இருப்பதால், நான் ஒரே ஒரு கோரிக்கையோடு நிறுத்திக்கொள்கிறேன்: ஆராய்ச்சி மாணவன் ஒரு சாகுபடி வருஷம் முழுவதும் கிராமத்தில் தங்கிக் கணக்கெழுத வேண்டும்.

இது நூதன யோசனையன்று. 1915-இல் சென்னைச் சர்வகலாசாலையின் முதல் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியராக நியமனம் பெற்ற கில்பர்ட் ஸ்லேட்டர், பாடப் புத்தகங்களையே நம்பியிராமல், மாணவர்களைக் கொண்டு கிராமங்களின் நிலம், கூலி, கடன், வீட்டுச் செலவு ஆகியவற்றை விசாரித்து எழுதச் செய்தார். இருவேல்பட்டு, தூசி, கங்கைகொண்டான் முதலிய ஊர்களைப் பற்றிய அவ்விவரங்கள் 1918-இல் நூலாயின. பின்னர் பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் அவ்வூர்களை மறுபடி ஆராய்ந்து 1940-இல் பிரசுரித்தமையால், இடைக்காலத்தில் கிராமம் அடைந்த மாறுதலை ஊகத்தால் அன்றி, ஆவணத்தோடு ஆவணத்தை ஒப்பிட்டே அறியும் பாக்கியம் நமக்குக் கிட்டியது. மாணவன் தங்கும் கிராமம் அவனுடைய சொந்த ஊராகவே இருந்தால் பட்சபாதம் நேரும் என்பார்கள். நேரட்டும், ஊரே தெரியாதவனின் நடுநிலைமையைவிட அது எளிதில் திருத்தக்கூடிய குறை.

1954-55 முதல் சேலம், கோயமுத்தூர் ஜில்லாக்களில் நடந்த பண்ணை நிர்வாக ஆராய்ச்சியை மாணவர்கள் அறிவார்கள். கைவிட்டுப் போன செலவை மட்டும் கழித்தால் லாபம் காட்டுகிற சிறு பண்ணை, சொந்த நிலத்துக்கு வாரமும் குடும்பத்தார் உழைப்புக்குக் கூலியும் சேர்த்த மாத்திரத்தில் நஷ்டம் காட்டுவது அத்தகைய கணக்குகளில் சகஜம். 1962-இல் அமர்த்தியா சென் இதை எடுத்துக்கொண்டு, குடும்ப உழைப்பைச் சந்தைக் கூலியால் மதிப்பிடுவதில்தான் சிக்கல் என்று காட்டினார். ஆனால் மதிப்பிடுவதற்கு முன் எண்ண வேண்டுமல்லவா? அக்காலத்துக் கிணற்றுத் தோட்டத்தில் விடியுமுன், மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கும் கவலையை ஓட்டியவன் குடியானவன். மடை திருப்பியவள் மனைவி. பள்ளிக்கூடம் போகுமுன் மாட்டுக்குச் சோளத்தட்டு அள்ளிப் போட்டவன் பையன். அறுப்பெல்லாம் முடிந்தபின் ஒரு நாள் போய், “தண்ணீர் இறைக்க எத்தனை ஆள் பிடித்தது?” என்று கேட்டால், “ஆள் எங்கேங்க? நாங்களே பார்த்துக்கிட்டோம்” என்பார்கள், கேள்வித்தாளில் சூன்யம் விழும். களத்தில் தச்சனுக்கும் கொல்லனுக்கும் அளந்துவிட்ட தானியமும் அப்படியே விடுபடும். அந்தச் சூன்யத்தின்மேல் எத்தனை உயர்ந்த கணிதத்தை ஏற்றி என்ன பயன்?

பரீட்சை அட்டவணை சாகுபடிப் பருவத்துக்கு ஒத்துவராது என்ற ஆட்சேபம் எழும். பரீட்சைத் தேதியை நிர்ணயிக்கும் அதிகாரம் சர்வகலாசாலைக்கு உண்டு. மழையை நிர்ணயிக்கும் அதிகாரம் இன்னும் வரவில்லை. ஆகவே விதிகளைத் திருத்தி, கிராமவாசத்தைப் பட்டத்துக்கு நிபந்தனையாக்குவதையும், அதற்கேற்ப உபகாரச் சம்பளத்தை ஓராண்டு நீட்டிப்பதையும், கட்டுரைகள் படிக்கப்படுமுன், முதல் அமர்விலேயே விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளும்படி இச்சபையைக் கேட்டுக்கொண்டு, மாநாட்டைத் தொடங்கி வைக்கிறேன்.